வீறும் மணலும் கைகொடுக்காத மேசை: இணையப் போக்கரில் மூன்று வருடம்

2022 ஆனி மாதம், இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு இருந்த நேரம், மாங்குளத்தில் பெற்றோல் வரிசையில் மோட்டார் சைக்கிளோடு இரண்டு பகலும் ஓர் இரவும் கிடந்தேன். ரொறன்ரோவில் இருக்கும் பள்ளித் தோழன் ஒருவன் அப்போதுதான் ஒரு போக்கர் செயலியின் இணைப்பை அனுப்பினான். "சும்மாதானே நிற்கிறாய் மச்சான், இதை இறக்கிப் பார்" என்றான். பெற்றோல் வந்தது, வரிசை கலைந்தது. செயலி மட்டும் கைத்தொலைபேசியில் தங்கிவிட்டது. இந்த ஆடியோடு மூன்று வருடம் தாண்டிவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் காசு வைத்து விளையாடியவன் அல்ல. பகலில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். நெல் விற்றவர்களின் காசு என் கையால்தான் போகிறது. அந்தக் கையால் இரவில் காசு மேசையைத் தொடக்கூடாது என்று முதல் வாரமே முடிவெடுத்தேன். ஆனபடியால் இது புள்ளிக்கு விளையாடியவனின் அனுபவம். புள்ளிதானே என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஒரே வகுப்பில் படித்த ஒன்பது பேர், சனிக்கிழமை தோறும் இலங்கை நேரம் இரவு ஒன்பதரைக்கு மேசையில் கூடுகிறோம். அப்போது இலண்டனில் மாலை ஐந்து, பாரிசில் ஆறு, ரொறன்ரோவில் நண்பகல் (கோடைக்காலக் கணக்கு, குளிர்காலத்தில் அவர்கள் மணிக்கூட்டைத் திருப்பியதும் வாரக்கணக்கில் சண்டை). முதலாவதாக வந்தால் ஐந்து புள்ளி, இரண்டாவதுக்கு மூன்று, மூன்றாவதுக்கு ஒன்று. வருட முடிவில் கடைசியாக நிற்பவன், அடுத்த தடவை எல்லோரும் ஊரில் கூடும்போது ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு போட வேண்டும். ஆட்டின் விலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பாரதூரமான விடயம் என்பது விளங்கும்.

எங்கள் ஒன்பது பேருக்கும் சீட்டு என்றால் முன்னூற்றி நான்குதான். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில், 15 வயதில், தறப்பாளுக்குக் கீழே இருந்து நான் அதைப் பழகினேன். 32 தாள். ஒவ்வொரு இனத்திலும் வீறுக்கு (ஜாக்) 30, மணலுக்கு (ஒன்பது) 20, ஆசுக்கு (ஏஸ்) 11, பத்துக்குப் பத்து, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நான்கு இனத்துக்கும் 304. எல்லாத் தாளும் கைகளுக்கு வந்துவிடும். நினைவு கூர்மையாக இருந்தால், ஆறாவது பிடியில் எதிராளியின் கையில் என்ன மிச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எதிரே ஒரு கூட்டாளியும் இருப்பான்.

போக்கரில் இவை ஒன்றும் செல்லாது. நாங்கள் விளையாடுவது டெக்சஸ் ஹோல்டெம். 52 தாளில் உங்களுக்கு இரண்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. மிச்சத்தில் பெரும்பாலானவற்றை யாரும் காணாமலே ஆட்டம் முடிந்துவிடும். எண்ணிப் பழகிய மூளைக்கு அங்கே எண்ண ஒன்றும் இல்லை. கூட்டாளியும் கிடையாது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் கண்ணில் இருந்தது. முன்னூற்றி நான்கு ஆடியவன் வீறையும் மணலையும், அதாவது ஜாக்கையும் ஒன்பதையும், சேர்த்துக் கண்டால் உள்ளம் குளிர்ந்துபோவான். பதின்மூன்று வருடப் பழக்கம் அது. முதல் மாதத்தில் ஒரு நாள் ஸ்கோப்பன் (ஸ்பேட்) வீறும் ஸ்கோப்பன் மணலும் ஒன்றாக வந்தன. பாரிஸ்காரன் பந்தய விலையை உயர்த்தினான். நான் யோசிக்கவே இல்லை, கட்டினேன். மேசையில் முதல் மூன்று தாள் விழுந்தது: ஒரு வீறு, ஓர் ஆறு, ஒரு இரண்டு. எனக்கு வீறு சோடி! இருந்த வில்லைகளில் (பந்தயமாக வைக்கும் சில்லுகளில்) பாதியைத் தள்ளினேன். அவன் கையில் இருந்தது ஆசும் வீறும். அவனுக்கும் அதே சோடி. பக்கத் தாள் மட்டும் என்னுடையதைவிடப் பெரியது. போக்கரில் ஜாக்கும் ஒன்பதும் நடுத்தரமான கை. முன்னால் ஒருவன் விலையை உயர்த்தியபின், ஒன்பது பேர் மேசையில், பெரும்பாலும் எறிந்துவிட்டு விலக வேண்டிய கை. இதை மூளை ஒரே இரவில் ஒப்புக்கொண்டது. பெருவிரல் ஒப்புக்கொள்ள நான்கு மாதம் எடுத்தது.

எறிவதுதான் இந்த விளையாட்டில் பெரும்பங்கு. ஒன்பது பேர் இருக்கும் மேசையில் பத்துக் கைக்கு எட்டையாவது பார்த்தவுடன் எறிந்துவிட வேண்டும். எறிந்தபின் சும்மா இருக்கவும் கூடாது. மற்றவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் வருடம் எறிந்தவுடன் முகநூலுக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது நல்ல கை வந்திருக்கும், ஆனால் எதிரே இருப்பவன் கடந்த அரை மணித்தியாலமாக என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. தோற்றுத் தோற்றுப் படித்த பாடம் அது.

ஆள் முகம் தெரியாமல் என்ன போக்கர் என்று ஆலையில் கேட்பார்கள். நெல் தரகர்களோடு நாளாந்தம் மல்லுக்கட்டுகிறவர்களின் கேள்வி அது. "வவுனியாவில் இதைவிட நூறு ரூபாய் கூடத் தருகிறார்கள்" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் லொறியின் இயந்திரத்தை நிறுத்தினாரா இல்லையா என்பதை வைத்தே நாங்கள் உண்மையை ஊகித்துவிடுவோம். நானும் அந்த வித்தையை நம்பித்தான் மேசைக்குப் போனேன். அங்கே முகம் இல்லை, குரல் இல்லை, லொறியும் இல்லை. இருப்பது இரண்டே இரண்டு: எவ்வளவு கட்டினான், எவ்வளவு நேரம் எடுத்தான். நேரத்தை நம்ப முடியாது. இலண்டன்காரன் தாமதித்தால் பாதி நேரம் அவனுடைய குழந்தை அழுகிறது என்றுதான் அர்த்தம். தொகைதான் பேசும். நல்ல கைக்கு ஒரு தொகையும் புளுகுக்கு (நல்ல கை இருப்பதுபோல் ஏமாற்றிக் கட்டுவதற்கு) இன்னொரு தொகையும் கட்டுகிறவனை மூன்று வாரத்தில் பிடித்துவிடலாம். அவன் நான்தான் என்பதை மற்றவர்கள் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். புளுகும்போது மேசை நடுவில் சேர்ந்து கிடக்கும் வில்லைகளைப் போல ஒன்றரை மடங்கு கட்டுவேனாம்.

முகத்தை வாசிப்பதுதான் போக்கர் என்ற எண்ணத்துக்கு 2017 தை மாதத்தில் பெரிய அடி விழுந்தது. லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், பிட்ஸ்பர்க்கில் ஒரு சூதாட்ட அரங்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரரோடு தனித்தனியே மோதி, மொத்தம் 120,000 கை ஆடி, நால்வரையும் வென்றது. இரண்டு வருடம் கழித்து புளூரிபஸ் என்ற இன்னொரு நிரல் ஆறு பேர் மேசையிலும் தேர்ந்த ஆட்டக்காரரை வென்றது. அவற்றுக்கு யாருடைய முகமும் தெரியாது. ஒரே மாதிரியான கையை ஒரு நேரம் ஏற்றியும் ஒரு நேரம் இறக்கியும் விளையாடி, எதிராளி பிடித்துக்கொள்ள ஒரு நூல்கூட இல்லாமல் செய்தன. எங்கள் ரொறன்ரோக்காரன் இப்போது தன் மணிக்கூட்டில் வினாடி முள்ளைப் பார்த்துப் புளுகுகிறான்: முள் வலப்பாதியில் இருந்தால் கட்டுவான், இடப்பாதியில் இருந்தால் எறிவான். எரிச்சலூட்டும் மனிதன்.

இனி நான் வைத்திருக்கும் குறிப்பேட்டைப் பற்றி. ஆலையின் பழைய கணக்குக் கொப்பி ஒன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரிய கைகளை மட்டும் எழுதுவேன். ஒரு நிரலில் "முடிவு சரியா பிழையா", அடுத்ததில் "வென்றேனா தோற்றேனா". இந்த இரண்டையும் தனித்தனியே எழுதுவதுதான் மூன்று வருடத்தில் நான் கண்ட மிகக் கடினமான வேலை.

2024 தை மாதம். ஒட்டுசுட்டான் பக்கம் அப்பாவின் வயலில் நெல் பால் பிடித்திருந்தது. இரவுக் காவலுக்குப் போனேன்; சனிக்கிழமை வேறு. கொட்டிலில் இரண்டு கோடு சமிக்ஞை வரும், அது போதும். திரை வெளிச்சத்துக்கு நுளம்பும் வெட்டுக்கிளியும் வந்து மொய்த்தன. மேசையில் நான்கு தாள் விழுந்துவிட்டது. என் கையில் இரண்டு ஆட்டீன் (ஹார்ட்), மேசையில் இரண்டு ஆட்டீன். இன்னொன்று விழுந்தால் எனக்கு ஒரே இனத்தில் ஐந்து. நடுவில் 3,000 வில்லை. இலண்டன்காரன் 1,500 கட்டினான். அவனிடம் மிச்சம் 400தான். கணக்கு எளிது. நான் காணாத தாள் 46, அதில் ஆட்டீன் ஒன்பது. ஐந்துக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. நான் 1,500 போட்டால் மொத்தம் 6,000. அதில் என் பங்கு கால்வாசி. கால்வாசிப் பங்கு போடுகிறவனுக்கு நான்குக்கு ஒரு தடவையாவது வெல்லும் வாய்ப்பு வேண்டும். பின்னால் வரக்கூடிய 400ஐச் சேர்த்தாலும் கணக்குக் கட்டாது. எறிய வேண்டும். முடிவெடுப்பதற்கான பதினைந்து வினாடி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வயலில் கூக்குரல் கேட்டது. யானை வெடி ஒன்று வெடித்தது. நான் கட்டும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

விழுந்தது ஆட்டீன் நான்கு. டோர்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு வரம்பால் ஓடி, யானை காட்டுப் பக்கம் திரும்பியதை உறுதிசெய்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்து பார்த்தால் குழுவில் ஒரே பாராட்டு. "நெஞ்சுரம் என்றால் இதுதான்" என்று ஒருவன் எழுதியிருந்தான். அன்றிரவு முதலாவதாக வந்தேன். வெடிச் சத்தத்தில் விரல் தவறியது என்று இன்றும் அவர்களிடம் சொல்கிறேன். கொப்பியில் அப்படி எழுதவில்லை. "முடிவு: பிழை. பெறுபேறு: வெற்றி."

அப்பா சீட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் கொப்பியின் இந்த இரண்டு நிரலும் அவருக்கு என்னைவிட நன்றாக விளங்கும். 2024 கார்த்திகை வெள்ளத்தில், உரிய காலத்தில் விதைத்த எங்கள் பயிர் நாட்கணக்கில் நீரில் கிடந்து அழுகியது. பக்கத்து வயல்காரரின் உழவு இயந்திரம் பழுதாகி, அவர் விதைக்காமலே இருந்தார். வெள்ளம் வடிந்தபின் மூன்று மாத நெல்லை விதைத்து, நல்ல விளைச்சல் எடுத்தார். "இனி நாங்களும் பிந்தி விதைப்போமா?" என்று கேட்டேன். "அவர் கெட்டித்தனத்தால் தப்பவில்லை, தம்பி. மிசின் உடைந்ததால் தப்பினார். வருகிற புரட்டாசியில் நானும் மிசினை உடைக்கவா?" என்றார். உரிய காலத்தில்தான் இந்த வருடமும் விதைக்கப் போகிறார்.

தோல்வி வந்தால் அப்பாவைப் போல இருக்க என்னால் முடிவதில்லை. ஆசு சோடி 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். மூன்று மணித்தியால ஆட்டத்தில் சராசரியாக ஒரு தரம் கண்ணில் காட்டுகிறது என்று வையுங்கள். ராசா சோடியோடு அது மோதினால், ஐந்தில் நான்கு தடவைக்குச் சற்றுக் கூடவே வெல்லும். மிச்சத் தடவை தோற்கும். அது வாரம் முழுக்கக் காத்திருந்த சனிக்கிழமையில் தோற்றால், அடுத்த பத்து நிமிடம் ஆடுவது நான் அல்ல. ஆங்கிலத்தில் அதை டில்ட் என்பார்கள். எங்கள் குழுவில் "உரு வந்துவிட்டது" என்போம். கோயிலில் உரு வந்தால் வேப்பிலையும் தண்ணீரும் இருக்கிறது. மேசையில் ஒன்றும் இல்லை. நான் கண்ட ஒரே மருந்து, பெரிய கை தோற்றவுடன் அடுத்த மூன்று கையையும் பார்க்காமலே எறிந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவது. ஒரு தடவை அந்த மூன்றில் ஒன்று ராசா சோடியாக இருந்திருக்கிறது. இருக்கட்டும்.

செயலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். தரவு அதிகம் தின்னாது, பழைய தொலைபேசியிலும் ஓடுகிறது. ஆடிய ஒவ்வொரு கையையும் பின்னர் திரும்பப் பார்க்கும் வசதி அருமை. என் கொப்பி அதில்தான் வாழ்கிறது. தொடர்பு அறுந்தால் நம் கையைத் தானே எறிந்துவிடும். 2022 மின்வெட்டுக் காலத்தில் அலைக் கோபுரமும் சேர்ந்து படுத்துவிடும். பாதி ஆட்டங்களை நான் இல்லாமலே தோற்றேன். வில்லை வாங்கச் சொல்லி இடைவிடாமல் கண்சிமிட்டும் விளம்பரங்கள்தான் பெரிய அருவருப்பு. தோற்ற அடுத்த நிமிடமே வரும், உரு வந்த நேரம் பார்த்து. இலவசப் பொது மேசைகளில் அந்நியரோடு ஆடுவது வீண். வில்லைக்கு மதிப்பில்லாததால் எவனும் எதையும் எறிவதில்லை. தாள் கள்ளமாகப் போடுகிறது என்று எங்களில் தோற்றவன் ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறான். எனக்கு வந்த ஆசு சோடிகளைக் கொப்பியில் எண்ணிப் பார்த்தேன். கணக்குக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியது. இதைச் சொன்னதால் எனக்கு ஒரு நண்பனும் கூடவில்லை.

இந்த வருடப் பட்டியலில் நான் கடைசிக்கு முந்தியவன். எனக்குக் கீழே இலண்டன்காரன் இரண்டு புள்ளி குறைவாக நிற்கிறான். ஆவணியில் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறானாம். வந்தால் என் வீட்டுத் திண்ணையில், என் கண் முன்னால் இருந்துதான் விளையாடுவான். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்துப் போக்கர் ஆடுவது இருவருக்கும் இதுதான் முதல் தடவை. அவன் புளுகும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் முகத்துக்கு என்ன செய்வது என்பதும் இன்னும் தெரியவில்லை.