ஓட்டாரா சந்தையில் வாங்கிய சமோவா ஜெர்சி

இந்த ஜெர்சியை வாங்கியதற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பெரியவர். சமோவாக்காரர். நாங்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பாப்பாடோயிடோய்க்குக் குடிவருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே இருக்கிறவர். போன மாதம் ஒரு பழைய ரக்பி ஜெர்சியைக் கொண்டுவந்து என் தையல் மேசையில் வைத்தார். நீலம் வெளுத்து, வெள்ளைக் காலரின் மடிப்பு நைந்து நூல் தொங்கியது. "புதுக் காலர் வேண்டாம், இதையே சரி பண்ணிக் கொடு" என்றார். காலரைப் பிரித்தேன். உள்பக்கத் துணி வாங்கிய அன்று இருந்த வெள்ளையிலேயே இருந்தது. அப்படியே திருப்பி வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

தைத்து முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து சமோவாவின் ரக்பி வீரர் பிரையன் லிமாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். லிமா என்றால் சமோவா மொழியில் ஐந்து, கை என்றும் அர்த்தம் உண்டாம். ஐந்து ரக்பி உலகக் கோப்பைகளில் ஆடிய முதல் ஆள் அவர்தான்: 1991, 1995, 1999, 2003, 2007. முதல் கோப்பைக்குப் போனபோது வயது 19, அந்தப் போட்டியிலேயே இளையவர். பெரியவர் ஒவ்வொரு ஆண்டாகச் சொல்லிச் சொல்லி விரல் மடக்கினார். அதைக் கேட்ட பிறகுதான் என் மகனுக்கும் இதே மாதிரி பருத்தி ஜெர்சி ஒன்று வாங்கவேண்டும் என்று தோன்றியது. அவன் பள்ளியில் ரக்பி ஆடுகிறான்.

சனிக்கிழமை காலை ஓட்டாரா சந்தையில் ஒரு கடையில் கிடைத்தது. சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலும் விற்கிற வரிசையைத் தாண்டி, இடுப்பில் சுற்றிக் கட்டுகிற லாவாலாவா துணிகள் தொங்குகிற பக்கம். விலை 65 டாலர். 1991 மாதிரி என்று சொல்லித்தான் விற்றார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். எந்தத் துணியைப் பார்த்தாலும் கை முதலில் தையலைத்தான் தேடும். இந்த ஜெர்சி முழுப் பருத்தி, கையில் பிடித்தால் 300 ஜி.எஸ்.எம்முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராமுக்குக் குறையாது என்று தோன்றுகிறது. தோளில் உள்ளே டேப் கொடுத்து அடித்திருக்கிறார்கள், பக்கத் தையல் நாலு நூல் ஓவர்லாக். காலர் பின்னல் துணி அல்ல, நெய்த துணி, நன்றாக விறைப்பாக நிற்கிறது. பட்டியில் மூன்று ரப்பர் பட்டன். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் கட்டிப்பிடித்து விழுத்தாட்டுகிற ஆட்டத்தில் கெட்டி பட்டன் இருந்தால் முகத்தைக் கிழித்துவிடும். இரண்டாவது காஜா, அதாவது பட்டன் ஓட்டை மட்டும் சரியாக அடிக்கவில்லை, நூல் பிரிந்திருந்தது. நானே திரும்ப அடித்துக்கொண்டேன்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் அலசலிலேயே சாயம் விட்டது, காலர் ஓரத்தில் லேசான நீலம் ஏறிவிட்டது. தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். நீளம் 71 சென்டிமீட்டரிலிருந்து 68.5க்குச் சுருங்கியது, அதனால் ஒரு அளவு பெரிதாக எடுப்பது நல்லது. இன்னொன்று, மார்பில் 'சமோவா' என்று மட்டும் இருக்கிறது. 1991இல் நாட்டின் பெயர் மேற்குச் சமோவா. 1997இல்தான் 'மேற்கு' போனது. 1991 மாதிரி என்று சொல்லி விற்றால் அதைச் சரியாகப் போடவேண்டும். பெரியவர் பார்த்ததும் முதலில் சொன்னது இதைத்தான்.

மகனுக்கு மைதானத்துக்கு என்று ஏற்கெனவே ஓர் இணையக் கடையில் இந்தக் காலத்து இறுக்கமான ஜெர்சியும் வாங்கியிருந்தேன். இரண்டையும் சமையல் தராசில் வைத்தேன். பருத்தி 610 கிராம், பாலியஸ்டர் 240. இரண்டையும் தண்ணீரில் முக்கி, கையால் பிழிந்து, திரும்ப வைத்தேன். பாலியஸ்டர் 330இல் நின்றது. பருத்தி 1 கிலோ 150.

அந்த ஈரத் துணியைக் கையில் வைத்திருந்தபோதுதான் பெரியவர் சொன்னது எனக்கு உறைத்தது. 1991 அக்டோபர் 6, கார்டிஃப். சமோவா வேல்ஸை அவர்கள் ஊரிலேயே 16-13 என்று தோற்கடித்த நாள். மூன்று நாள் கழித்து பாண்டிபூலில் மழையிலும் சேற்றிலும் ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம். அந்த ஆண்டு கோப்பையை வென்ற அணியிடம் 9-3 என்றுதான் தோற்றார்கள். இப்படி ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிற துணியைப் போட்டுக்கொண்டு 80 நிமிடம் ஓடியிருக்கிறார்கள். அதுவும் சம்பளம் இல்லாமல். அணித்தலைவர் பீட்டர் ஃபாட்டியலோஃபாவுக்கு ஆக்லாந்தில் பியானோ தூக்கி இடம் மாற்றுவதுதான் தொழில்.

ரக்பி யூனியனில் காசு வாங்கி ஆடலாம் என்று ஆனது 1995 ஆகஸ்டில். ஆகவே லிமாவின் முதல் இரண்டு கோப்பைகள் காசில்லாக் காலம், அடுத்த மூன்று தொழில்முறைக் காலம். ப்ளூஸ், ஹைலேண்டர்ஸ் என்று இங்கே நியூசிலாந்திலும், பிறகு ஜப்பானிலும், இங்கிலாந்தில் பிரிஸ்டலிலும் ஆடினார். அவர் ஆடிய காலத்துக்குள்ளேயே ஜெர்சியும் மாறிவிட்டது. எதிராளி பிடித்திழுக்கத் துணி அகப்படக் கூடாது என்று 2003 கோப்பையில் இங்கிலாந்து உடம்போடு ஒட்டிய சட்டையில் வந்தது. 2007இல் அதுதான் வழக்கம். காலர் போயிற்று, பட்டன் போயிற்று, பருத்தியும் போயிற்று. லிமா மட்டும் இரண்டிலும் இருந்தார்.

நாட்டையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1991 அணியில் அவரோடு ஆடிய ஃபிராங்க் பன்ஸ் அடுத்த ஆண்டே நியூசிலாந்து அணியான ஆல் பிளாக்ஸின் கறுப்பில் இருந்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, பிழைப்பு அப்படி. ஆனால் ஐந்து முறையும் இதே நீலத்தைப் போட்டவர் என்பதைச் சொல்லும்போது பெரியவருக்குக் குரல் கம்மிவிட்டது.

லிமாவுக்கு வைத்த பட்டப்பெயர் 'கைரோபிராக்டர்'. மோதினால் எதிராளியின் எலும்பு இடம் மாறும் என்று. நம்மூரில் என்றால் புத்தூர்க்கட்டுக்காரர் என்று சொல்லியிருப்போம். 2003இல் பிரிஸ்பேனில் தென்னாப்பிரிக்காவின் டெரிக் ஹௌகார்டை அவர் மோதியதை மகன் போனில் காட்டினான். எனக்குப் பார்க்க முடியவில்லை, ஒரு தடவையோடு போதும் என்றுவிட்டேன். 2007இல் இங்கிலாந்தின் ஜானி வில்கின்சனை அப்படிப் பிடிக்கப் போய்த் தடை வாங்கினார். கோப்பையில் சமோவாவின் கடைசி ஆட்டத்தை வெளியே இருந்துதான் பார்த்தார். இப்படி ஒருவருக்கு அப்படி முடிந்திருக்க வேண்டியதில்லை என்று எனக்கு இப்போதும் மனசு கேட்கவில்லை. 2011இல் ரக்பியின் புகழரங்கில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

இறுக்கமான ஜெர்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வேர்வை உடனே காய்கிறது, ஓட லேசாக இருக்கிறது, சாயம் விடவில்லை. ஆனால் அக்குளில் பேட்லாக் (தட்டையாக அடிக்கிற) தையல் நாலாவது ஆட்டத்திலேயே விட்டுவிட்டது. 120 டாலருக்கு அது ரொம்ப மோசம். திருப்பி அனுப்பக் கேட்டு எழுதினேன், இரண்டு வாரமாகப் பதில் இல்லை.

சந்தையில் வாங்கியதில் ஒரே ஒரு உறுத்தல். சமோவா அணியை நடத்துகிற ரக்பி யூனியனின் அனுமதிச் சீட்டு அதில் இல்லை. சமோவா ரக்பி யூனியன் திவாலாகிவிட்டது என்று 2017இல் அந்த நாட்டுப் பிரதமரே சொன்னார். இந்த 65 டாலரில் கொஞ்சமாவது அங்கே போயிருக்கவேண்டும். அனுமதியோடு, 'மேற்குச் சமோவா' என்று சரியான பெயரோடு, இதே கனத்தில் யாராவது தைத்து விற்றால் நூறு டாலர் கொடுத்தும் வாங்குவேன்.

மகன் முதலில் "அம்மா, இது போர்வை மாதிரி இருக்கு" என்றான். இப்போது வீட்டில் இதைக் கழற்றுவதில்லை.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை மட்டும்தான், மத்தியானம் பன்னிரண்டுக்குள் கடை கட்டிவிடுவார்கள். பெரிய அளவுகள்தான் முதலில் தீர்கின்றன, ஏழரைக்கு முன்னால் போய்விடுங்கள். பட்டியைத் திறந்து மூன்று காஜாவையும் பார்த்து வாங்குங்கள்.