பால் குடிக்கலாமா? ஆறு புத்தகங்களிடம் ஒரே கேள்வி

சில வருடங்களுக்கு முன் ஓர் உணவு நூலை இரண்டு நாளில் படித்து முடித்து, மூன்றாம் நாள் வீட்டில் பாலை நிறுத்தச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு நூல் கைக்கு வந்தது. பாலும் வெண்ணெயும் இல்லாமல் உடம்பு தேறாது என்கிற தொனியில் அது பேசியது. இரண்டையும் அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு பேருமே படிச்சவங்கதானே, அப்புறம் யாரை நம்புறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் என்னை மேலும் சில புத்தகங்களுக்கு இழுத்துச் சென்றது.

ஊட்டச்சத்து, முழு உடல்நலம், வாழ்க்கையைப் பார்க்கும் பார்வை இவற்றைச் சேர்த்துப் பேசும் நூல்களில் ஆறை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். பாலையே எடுத்துக்கொள்கிறேன். 'ஒரு டம்ளர் பால் குடிக்கலாமா' என்று கேட்டுவிட்டால், ஒரு நூல் எதை ஆதாரமாக மதிக்கிறது, எதை ஓரம் கட்டுகிறது என்பது தானாக வெளியே வந்துவிடும்.

காலின் கேம்ப்பெல் தன் மகனோடு சேர்ந்து எழுதிய 'தி சைனா ஸ்டடி' (2005) தயங்காமல் 'வேண்டாம்' என்கிறது. கேம்ப்பெல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்தவர். அவருடைய வாதம் எலிகளிலிருந்து தொடங்குகிறது. பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை எலிகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கூட்டத்துக்கு உணவில் 20 சதவீதம் கேசீனும் இன்னொரு கூட்டத்துக்கு 5 சதவீதமும் கொடுத்தார்கள். கேசீன் பாலின் முக்கியப் புரதம். 20 சதவீதக் கூட்டத்தின் ஈரலில் புற்றுநோயின் தொடக்கப் புள்ளிகள் வளர்ந்தன, 5 சதவீதக் கூட்டத்தில் அப்படி வளரவில்லை. அதன் பிறகு 1983-இல் தொடங்கிய பெரிய சீன ஆய்வு: 65 கவுன்ட்டிகள் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்), ஏறத்தாழ 6,500 பேர், 367 மாறிகள், அதாவது அளந்து பதிவுசெய்த விவரங்கள். விலங்குணவு கூடக் கூட நோயும் கூடுகிறது, ஆகவே முழுத் தாவர உணவுக்கு மாறுங்கள் என்பது முடிவு.

படிக்கும்போது அசைக்க முடியாத வாதம்போலத் தெரியும். நின்று யோசித்தால் இரண்டு இடங்களில் தரை இளகுகிறது. கேசீன் என்பது பாலிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த ஒரு தூள். அதை வைத்துப் பாலுக்கும், அங்கிருந்து எல்லா விலங்குணவுக்கும் தாவுவது பெரிய தாவல். உணவை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தும் ஒரு நூல் இப்படிப் பிரித்தெடுத்த ஒரே பொருளின்மேல் நிற்பது எனக்கு உறுத்துகிறது. அடுத்து, சீன ஆய்வு தனி மனிதர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அல்ல. ஒவ்வொரு கவுன்ட்டியின் சராசரியை இன்னொன்றின் சராசரியோடு ஒப்பிட்டது. ஓர் ஊரின் சராசரி உயரம் அந்த ஊரில் நிற்கும் ஒருவரின் உயரத்தைச் சொல்லாது. 367 மாறிகளை ஒன்றோடொன்று கோத்தால் ஆயிரக்கணக்கில் தொடர்புகள் கிடைக்கும், அவற்றில் பல வெறும் தற்செயலாகவே அமையும்.

நேர் எதிரே நிற்கிறது வெஸ்டன் பிரைஸ் 1939-இல் வெளியிட்ட 'நியூட்ரிஷன் அண்ட் பிசிக்கல் டீஜெனரேஷன்'. பிரைஸ் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வேலை பார்த்த பல் மருத்துவர். தன்னிடம் வரும் குழந்தைகளின் பற்கள் ஏன் இப்படிச் சிதைகின்றன என்று கேட்டுக்கொண்டு 1930-களில் உலகம் சுற்றினார். சுவிட்சர்லாந்தின் லோட்சென்டால் பள்ளத்தாக்கில் ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி, பாலாடைக்கட்டி, கோடைகால வெண்ணெய். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஓட்ஸும் மீனும். ஆப்பிரிக்காவின் மாசாய் மக்களிடம் பாலும் இரத்தமும் இறைச்சியும். எங்கு போனாலும் பழைய உணவில் இருந்தவர்களுக்குப் பல் நன்றாக இருந்தது. வெள்ளை மாவு, சர்க்கரை, டின் உணவு நுழைந்த அடுத்த கிராமத்தில் சொத்தைப் பல் வந்துவிட்டது. புகைப்படங்களோடு அதைக் காட்டுகிறார்.

பாலுக்கு அவர் பதில் 'தாராளமாக', அதுவும் பசும்புல் மேய்ந்த மாட்டின் பால். ஆனால் அவர் நூலையே கவனமாகப் படித்தால், பாலை அதிகம் நம்பாத மீன் தீவுக்காரர்களும் அங்கே நன்றாகத்தான் இருக்கிறார்கள். இதை வாசகர் தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு குறை, பல்லைப் பார்த்துவிட்டு முகவெட்டு, அறிவு, ஒழுக்கம் வரை முடிவுகட்டுவது. சிறு வயதிலேயே இறந்துபோனவர்கள் எந்தப் புகைப்படத்திலும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. மக்களை அவர் பிரித்துப் பேசும் மொழி அந்தக் காலத்தின் மொழி. இன்று படிக்கும்போது சில பக்கங்கள் மனதைக் காயப்படுத்தும்.

இருந்தும் இந்த இரண்டையும் ஒரே மாதத்தில் படிக்கச் சொல்வேன். ஒருவர் விலங்குக் கொழுப்பைத் தூக்கிப் பிடிக்கிறார், ஒருவர் அதை அறவே விலக்குகிறார். இவ்வளவு தூரத்தில் நிற்கும் இருவரும் தீட்டிய மாவையும் சர்க்கரையையும் ஒன்றுபோலக் குற்றம் சாட்டுகிறார்கள். எதிரிகள் இருவர் ஒத்துப்போகும் இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

அந்த ஒத்துப்போகும் இடத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர் மைக்கேல் போலன். விஞ்ஞானி இல்லை, பத்திரிகையாளர். அவருடைய 'இன் டிஃபென்ஸ் ஆஃப் ஃபுட்' (2008) சொல்வதைச் சுருக்கினால்: உண்மையான உணவை, அளவாக, பெரும்பாலும் தாவரங்களாகச் சாப்பிடுங்கள். உணவை அதிலுள்ள சத்துகளின் பட்டியலாக மட்டும் பார்க்கும் போக்குக்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர் கியோர்கி ஸ்க்ரினிஸ் வைத்த பெயரைப் போலன் எடுத்து ஆள்கிறார். தமிழில் அதைச் 'சத்துவாதம்' என்று சொல்லலாம். பால் விஷயத்தில் அவர் கவலையெல்லாம் பாலுக்கு நாம் என்ன செய்தோம் என்பதில் இருக்கிறது. கொழுப்பை எடுத்துவிட்டு, போன திண்மையைச் சரிக்கட்டப் பால் பவுடரைச் சேர்த்து, அதன்மேல் 'உடலுக்கு நல்லது' என்று எழுதி விற்கும் பொருளை அவர் சந்தேகிக்கிறார்.

அவர் எடுத்துக்காட்டும் ஒரு பரிசோதனை என் மனதை விட்டுப் போகவே இல்லை. 1982-இல் சர்க்கரை நோயுள்ள பத்து ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஏழு வாரம் தங்கள் காட்டுக்கே திரும்பி, வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் சாப்பிட்டார்கள். சராசரியாக 8 கிலோ குறைந்தது, இரத்தச் சர்க்கரை வெகுவாக இறங்கியது. கெரின் ஓ'டீ என்ற ஆய்வாளர் இதைப் பதிவுசெய்தார். அவர்களிடம் மாறியது ஒரு சத்து மட்டும் இல்லை. உணவு, உழைப்பு, இடம் எல்லாமே மாறின. எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் வேலை செய்தது.

போலனின் குறை, ஊட்டச்சத்து அறிவியலைத் திட்டிக்கொண்டே தனக்குத் தேவையான இடத்தில் ஒமேகா கொழுப்புகள் பற்றி அதே அறிவியலை மேற்கோள் காட்டுவது. ஆனாலும் காலம் அவர் பக்கம் நின்றிருக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தில் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்துச் சோதித்தார்கள். பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமம். மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த இரண்டு வாரத்தில் மட்டும் அவர்கள் தினமும் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

நாலாவது நூல் பால் பற்றி எந்தப் பதிலையும் தராமலே எனக்கு அதிகம் உதவியது. பிரிட்டிஷ் மருத்துவர் பென் கோல்டேக்கர் எழுதிய 'பேட் சயின்ஸ்' (2008). ஒரு மருத்துவக் கூற்றை எப்படிச் சோதிப்பது என்று பொறுமையாகச் சொல்லித்தரும் நூல். கேரட் போன்ற காய்கறிகளில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்தின் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறி நிறையச் சாப்பிடுபவர்களின் இரத்தத்தில் அது அதிகம், அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு. அப்படியானால் மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 1994-இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். இதைப் படித்த பிறகு 'தொடர்பு இருக்கிறது' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் நான் நின்றுவிடுகிறேன். கோல்டேக்கரிடம் கிடைக்காதது ஒன்று உண்டு: ஏன் சாப்பிடுகிறோம், எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு அவர் போவதில்லை.

அங்கே போனவர்கள் இருவர். ஜப்பானிய விவசாயி மசனோபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' (ஜப்பானிய மூலம் 1975) விவசாய நூல் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் பின்பகுதி முழுக்க உணவும் மனமும்தான். மனிதர்கள் உண்பதை நான்கு வகையாகப் பிரிக்கிறார்: நாக்கின் விருப்பத்துக்கு உண்பது, ஊட்டச்சத்துக் கணக்குக்கு உண்பது, ஆன்மிகக் கொள்கைக்காக உண்பது, இயற்கையோடு ஒட்டி எந்தப் பிரிவினையும் இல்லாமல் உண்பது. பால் குடிக்கலாமா என்று அவரிடம் கேட்டால், கேட்பது உடலா மனதா என்று திருப்பிக் கேட்பார் என்று தோன்றுகிறது. நோயில் படுத்திருக்கும் ஒருவருக்கு அது பதிலாகாது. கர்ப்பிணிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் இந்த ஆறு நூல்களில் எதுவும் மருத்துவருக்கு மாற்று ஆகாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் ஃபுகுவோகாவை நான் நம்புகிறேன். இளைஞனாக இருந்தபோது 'எதுவும் செய்யத் தேவையில்லை' என்ற தன் தரிசனத்தை அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பில் சோதித்துப் பார்த்தார். கவாத்து செய்வதை நிறுத்தினார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி ஏறியது, மரங்கள் பட்டுப்போயின. அதை மறைக்காமல் எழுதி, கைவிடுவது வேறு, இயற்கையாக வளர்வது வேறு என்று கற்றுக்கொண்டதைச் சொல்கிறார். கேம்ப்பெல்லிடமும் பிரைஸிடமும் நான் தேடிக் கிடைக்காத பக்கம் இதுதான்: தன் கொள்கை தோற்ற இடத்தைத் தானே எழுதும் பக்கம்.

காந்தியின் 'ஆரோக்கியத் திறவுகோல்' அப்படிப்பட்ட பக்கங்களாலேயே ஆனது. 1942-இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் குஜராத்தியில் எழுதிய சிறு நூல். ஐம்பூதங்களை வைத்து உடலை விளக்கும் பகுதிகளை இன்று அறிவியலாகப் படிக்க முடியாது, விரைந்து கடந்துவிடலாம். பால் பற்றிய பகுதியை மட்டும் மெதுவாகப் படியுங்கள். பாலும் விலங்குணவுதான், கண்டிப்பான தாவர உணவில் அதற்கு இடமில்லை என்கிறார். பால் குடிப்பதில்லை என்று விரதம் எடுத்து, ஆறு ஆண்டுகள் பாலே இல்லாமல் இருந்தார். பிறகு கடும் வயிற்றுக்கடுப்பில் எலும்பும் தோலுமாகிப் படுத்தார். விரதம் எடுக்கும்போது பசுவும் எருமையும்தானே மனதில் இருந்தன, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று ஒரு மருத்துவ நண்பர் சொல்ல, கஸ்தூரிபாவும் ஆமோதிக்க, இணங்கினார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரை விட்டுவிட்டேன் என்று தன்னைப் பற்றித் தானே எழுதுகிறார். பாலின் சத்தைத் தரக்கூடிய ஏதோ ஒன்று தாவர உலகில் இருந்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கையையும் விடவில்லை.

1948-இல், அவரும் பிரைஸும் மறைந்த அதே ஆண்டில், பி12 வைட்டமினைப் பிரித்தெடுத்தார்கள். காந்தியைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் விலங்குணவை அறவே விட்டவர்களுக்கு நாளடைவில் குறைந்துபோகும் சத்து அதுதான். தாவரங்களை நம்பி அதைப் பெற முடியாது. அதை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள், அவற்றை வளர்த்தே இன்று மாத்திரை செய்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் வரிசை இது: முதலில் போலன், அடுத்து கோல்டேக்கர், அப்புறம் கேம்ப்பெல்லும் பிரைஸும் சேர்ந்து, கடைசியில் அவசரமில்லாமல் ஃபுகுவோகா. காந்தியின் பால் பக்கங்களை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். அப்பாவுக்கு நான் உட்கார்ந்து வாசித்துக் காட்டியது அந்தப் பக்கங்களைத்தான். வீட்டுக்கு மறுபடி பால் வருகிறது. அவர் குடிக்கிறார், நான் பி12 மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.