பாடகர்களுக்காக வாங்கியது, பக்கவாத்தியத்துக்காகக் கேட்பது

கன்ஸ் அன்ட் ரோஸஸ் ராக் குழுவின் கிடாரிஸ்ட் ஸ்லாஷ் போட்ட ப்ளூஸ் ஆல்பம் ‘ஆர்ஜி ஆஃப் த டாம்ண்ட்’ 2024 மே 17 அன்று வந்தது. வந்த வாரமே கேட்டுவிட்டு, பிரமாதம் என்று நாலு பேருக்கு லிங்க் அனுப்பியவன் நான். அன்றைக்கே இதை எழுதியிருந்தால் முக்கால்வாசி தப்பாக எழுதியிருப்பேன். ஒன்றரை வருஷத்துக்கு மேல் காரிலும், ஹெட்போனிலும், அடுப்படியில் மொபைலை எவர்சில்வர் சொம்புக்குள் போட்டும் கேட்டாகிவிட்டது. இப்போது எழுதலாம்.

தெரியாதவர்களுக்கு: மொத்தம் 12 டிராக். அதில் 11 பழைய பாட்டுகள், பெரும்பாலும் பாட்டுக்கு ஒரு விருந்தாளிக் குரல். கடைசியாக வரும் ‘மெட்டல் செஸ்ட்நட்’ மட்டும் ஸ்லாஷ் சொந்தமாக இயற்றியது. அதில் பாட்டே கிடையாது. தயாரிப்பாளர் மைக் கிளிங்க், 1987இல் கன்ஸ் அன்ட் ரோஸஸின் முதல் ஆல்பத்தைச் செய்துகொடுத்தவர். பேஸ் கிடார் வாசிக்கும் ஜானி கிரிபாரிக்கும் கீபோர்டு வாசிக்கும் டெடி ஆண்ட்ரியாடிஸும் 1990களின் நடுவில் ‘ஸ்லாஷஸ் ப்ளூஸ் பால்’ என்று ஒரு குழு கிளப் கிளப்பாக வாசித்துத் திரிந்ததே, அந்தக் காலத்துச் சகாக்கள். அந்தக் குழு ஒரு ஆல்பம்கூடப் போடாமல் கலைந்துபோனது. அப்போது பாக்கி வைத்ததைத்தான் ஸ்லாஷ் இப்போது தீர்த்திருக்கிறார்.

முதல் வாரம் நான் கேட்ட விதமே வேறு. மல்ட்டி ஸ்டாரர் படத்துக்குப் போனவன் மாதிரி அடுத்து யார், அடுத்து யார் என்றுதான் காத்திருந்தேன். ஏசி/டிசியின் பிரையன் ஜான்சன் பாட, ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலர் ஹார்மோனிகா ஊதுகிறார் என்றால் விசிலடிக்கத் தோன்றுமா, தோன்றாதா? அந்த ‘கில்லிங் ஃப்ளோர்’, ஹவ்லின் உல்ஃப் 1964இல் பாடியது. அடுத்துப் பிடித்தது பாடகரும் கிடாரிஸ்ட்டுமான கேரி கிளார்க் ஜூனியரோடு சேர்ந்த ‘கிராஸ்ரோட்ஸ்’.

மூன்றாம் மாதத்திலிருந்து ‘கிராஸ்ரோட்ஸ்’ வந்தாலே விரல் தானாக அடுத்த பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. 1936இல் ராபர்ட் ஜான்சன் ஒற்றை கிடாரோடு தனியாகப் பதிவு செய்த பாட்டு அது. 1968இல் கிரீம் என்ற ராக் குழு அதை மின்சார ஓட்டப்பந்தயமாக்கிய பிறகு, கிடார் எடுத்தவர்களெல்லாம் அதை எழுதித் தீர வேண்டிய பரீட்சையாக்கிவிட்டார்கள். இவர்கள் இருவரும் எழுதியிருக்கிறார்கள், நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறார்கள். விடைத்தாளை எத்தனை தடவை படிப்பது?

மெதுவாக மேலே வந்தது பெத் ஹார்ட் பாடிய ‘ஸ்டார்மி மண்டே’. டி-போன் வாக்கர் 1947இல் பதிவு செய்தது. ப்ளூஸின் அடிப்படைக் கட்டு மிக எளிமையானது: 12 பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஓர் அளவு), பெரும்பாலும் மூன்றே கார்டு (சேர்த்து ஒலிக்கும் சுரக்கொத்து). பாடகர் ஒரு வரி பாடுவார், அதையே இன்னொரு தடவை பாடுவார், மூன்றாவதில் அதற்குப் பதில் சொல்வார். ஒவ்வொரு வரி முடிந்ததும் கொஞ்சம் இடம் காலியாக நிற்கும். கிடாருக்கு அளந்து விட்ட இடம் அது. ஸ்டேடியத்தில் தொப்பியும் லெஸ் பால் கிடாருமாக நின்று நாலு நிமிஷம் சோலோ வாசித்துப் பழகிய ஒருவருக்கு அந்த இரண்டு பாருக்குள் சொல்லி முடிப்பது சுலபமில்லை. இங்கே அவர் சொல்லி முடிக்கிறார். கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதி போட்டு நிறுத்த, வயலின்காரர் அதன் வாலை மட்டும் பிடித்துத் திருப்பிச் சொல்வாரே, அந்த மாதிரி. பெத் ஹார்ட் முனகலில் தொடங்கி ஆவேசத்துக்கு ஏறும்போது மைக்கேல் ஜெரோமின் டிரம்ஸ் கூடவே ஏறுகிறதே தவிர முந்திக்கொண்டு போவதில்லை. சோலோ எப்போது வரும் என்று காத்திருந்ததை விட்டுவிட்டு, பாட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்கத் தொடங்கியது இந்தப் பாட்டில்தான். அதற்குப் பிறகு ஆல்பமே எனக்கு வேறொன்றாகிவிட்டது.

இகி பாப் பாடிய ‘ஆஃபுல் ட்ரீம்’ லைட்னின் ஹாப்கின்ஸின் பாட்டு. முதல் மாதம் ஒருமுறைகூட முழுசாகக் கேட்கவில்லை. ஒருநாள் அது தானாக ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து, “யாருடா இது, தூக்கத்துல பேசற மாதிரி பாடறாரு?” என்றார். பாட்டின் தலைப்புக்கு அர்த்தம் சொன்னேன். “அப்போ சரியாத்தான் பாடறாரு” என்று போய்விட்டார். இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை. எழுபது தாண்டிய மனிதரின் தொண்டையில் இருக்கும் கரகரப்பை மறைக்க யாரும் முயலவில்லை, அதுதான் அழகு. இகியின் 1990 ஆல்பத்தில் ஸ்லாஷ் வாசித்திருக்கிறார், ஸ்லாஷின் 2010 ஆல்பத்தில் இகி பாடியிருக்கிறார். பழைய சிநேகம்.

ராக் பாடகர் பால் ராட்ஜர்ஸ் விஷயத்திலும் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. 1993இல் அவர் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் நினைவாக ஒரு ஆல்பம் போட்டார். அதில் பாடகர் ஒருவரே, கிடாரிஸ்ட்தான் பாட்டுக்குப் பாட்டு மாறுவார். ஜெஃப் பெக், பட்டி கை வரிசையில் ஸ்லாஷுக்கும் ஒரு பாட்டு. முப்பது வருஷம் கழித்து அதே ஏற்பாடு தலைகீழாக: கிடார் ஒன்று, குரல்கள் பல. பக்கவாதம் வந்து பேச்சையே புதிதாகப் பழக வேண்டியிருந்தது என்று 2023இல் அவரே சொன்ன செய்தியைப் படித்த பிறகு ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ கேட்டால் தலைப்பே கொஞ்சம் உறுத்தும். 1967இல் ஆல்பர்ட் கிங்குக்காக எழுதப்பட்ட பாட்டு. இதை மட்டும் சொம்பில் கேட்காதீர்கள். இதன் உயிரே பேஸில் ஓடும் அந்த வரிதான், மொபைல் ஸ்பீக்கரில் அது காணாமலே போய்விடும். கார் ஸ்பீக்கரில்தான் எனக்குப் பிடிபட்டது.

பாப் பாட்டுக்குப் பெயர்போன டெமி லோவாட்டோ பெயரைப் பார்த்து நானும் உதட்டைப் பிதுக்கியவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ‘பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்’ 1972இல் டெம்ப்டேஷன்ஸ் பாடிப் பெரிதாகப் பேசப்பட்டது. செத்துப்போன அப்பாவைப் பற்றி ஊர் பேசுவதெல்லாம் நிஜமா என்று பிள்ளைகள் அம்மாவிடம் கேட்கும் பாட்டு. அங்கே கேட்பவை ஆண் குரல்கள், இங்கே கேட்பவள் ஒரு மகள். அந்த ஒரு மாற்றத்திலேயே கேள்வி கூராகிவிடுகிறது. இப்போது நான் அதிகம் கேட்கும் மூன்று பாட்டில் இது ஒன்று.

இது ப்ளூஸே இல்லை, மோட்டவுன் கம்பெனியின் சோல் பாட்டு என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. ஸ்டீவி வொண்டர் 1973இல் தந்த ‘லிவிங் ஃபார் த சிட்டி’யும் அப்படித்தான். எனக்கு அதில் வழக்கு எதுவும் இல்லை. இன்னொருவர் பாட்டைத் திரும்பப் பாடுவதை ‘கவர்’ என்று இளக்காரமாகப் பேசுவதும் எனக்குப் புரிவதில்லை. ப்ளூஸில் ஒரே பாட்டை ஆளுக்கு ஒரு விதமாகப் பாடுவதுதான் மரபு. யார் கீர்த்தனை பாடினாலும் நாம் கவர் என்றா சொல்கிறோம்?

என் குறை வேறு. ‘த புஷர்’, ‘ஹூச்சி கூச்சி மேன்’ இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, அவ்வளவுதான். கிறிஸ் ராபின்சனும் பில்லி கிப்பன்ஸும் கண்ணை மூடிக்கொண்டு பாடக்கூடியவை. ஆபத்தே இல்லாமல் ஆல்பத்தைத் தொடங்கினால் பாதிப் பேர் நாலாவது பாட்டுக்கு முன்பே இறங்கிவிடுவார்கள். அந்த நாலாவது, கிறிஸ் ஸ்டேபிள்டன் பாடும் ‘ஓ வெல்’. வாத்தியங்கள் சட்டென்று நிற்க, குரல் தனியாக வரும் இடங்கள் அதில் உண்டு. அதையே முதல் பாட்டாக வைத்திருக்க வேண்டும்.

விருந்தாளிகளை விட வீட்டு மனிதர் டாஷ் நீல் என்னைக் கவர்ந்தார். குழுவில் ரிதம் கிடார் அவருடையது, ‘லிவிங் ஃபார் த சிட்டி’யைப் பாடியிருப்பதும் அவர்தான். 2024 கோடையில் ‘சர்ப்பென்ட்’ என்ற பெயரில் அமெரிக்காவில் இந்தப் பாட்டுகளோடு சுற்றுப்பயணம் போனபோதும் பாடும் பொறுப்பு அவருக்கு வந்தது.

இப்போது என் மொபைலில் இருப்பது நானே அடுக்கிய எட்டுப் பாட்டு வரிசை. ‘ஓ வெல்’லில் ஆரம்பித்து ‘ஸ்டார்மி மண்டே’யில் முடியும். ‘கிராஸ்ரோட்ஸ்’ அதில் இல்லை. கிடார் கற்றுக்கொள்ளும் நண்பன் ஒருவன் காரில் ஏறும்போதெல்லாம் அதற்காக என்னைத் திட்டுகிறான்.