தந்தையின் கையில் 14 நாள்: சர்க்கரை சென்சார் பற்றி

என் தந்தைக்கு வயது 74. சர்க்கரை நோய் வந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. மெட்ஃபார்மினுடன் கிளைமெபிரைடு மாத்திரையும் சாப்பிடுகிறார். பின்னது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வதால், வயதானவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் ஆபத்து அதில் உண்டு. ஒரு விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்க எழுந்து உட்கார்ந்தவருக்கு விரலில் குத்திப் பார்த்தபோது 58 காட்டியது. அதன் பிறகே, மருத்துவரின் யோசனைப்படி, மேற்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் சென்சாரை வாங்கினோம்.

ஒட்டியபோது வலியே தெரியவில்லை என்றார். இது இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் உள்ள திசுநீரில் இருக்கும் சர்க்கரையை அளக்கிறது. ஆகவே விரல் இரத்தம் காட்டுவதற்குச் சில நிமிடங்கள் பிந்தியே இது காட்டும். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு எண்களும் ஒத்துப்போகாது. முதல் நாள் எண்களை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதன் உண்மையான பயன் இரவில்தான் தெரிந்தது. மூன்று இரவுகளில் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே அளவு 70-க்குக் கீழே போனது. அவற்றில் இரண்டு முறை விரலில் குத்தி உறுதி செய்துகொண்டோம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் இந்தப் பள்ளங்கள் ஒருபோதும் தெரிந்திருக்காது. முதியவர்களுக்கு நாளின் பாதி நேரத்துக்கு மேல் 70-க்கும் 180-க்கும் இடையே இருந்தாலே போதும், 70-க்குக் கீழே போகும் நேரம் 1 விழுக்காட்டுக்குள், அதாவது நாளுக்குக் கால் மணி நேரத்துக்குள், இருக்க வேண்டும் என்பதே 2019-ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பரிந்துரை. வரைபடத்தைப் பார்த்த மருத்துவர் இரவு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

ஓர் இரவு 52 என்று அலாரம் அடித்தது. விரலில் பார்த்தால் 112. சென்சார் ஒட்டிய வலக்கையை அழுத்திக்கொண்டு அவர் ஒருக்களித்துப் படுத்திருந்ததுதான் காரணம். எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்ட பிறகே ஒட்டுங்கள் என விற்பவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

சென்சாரின் அளவுகளைக் காட்டி அலாரம் அடிக்கும் கைப்பேசிச் செயலியைப் பற்றி எனக்கு வருத்தமே அதிகம். தமிழ் இல்லை, எழுத்து சிறியது, கணக்குத் தொடங்க மின்னஞ்சல் வேண்டும். பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கைப்பேசி செயலியை நிறுத்திவிட்டதால் ஓர் இரவு அலாரமே அடிக்கவில்லை. தனியாக வாழும் முதியவருக்கு இது சிறிய குறையல்ல. ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியை மட்டும் அவர் இரண்டே நாளில் படிக்கக் கற்றுக்கொண்டார். வெளியூரில் இருக்கும் என் தங்கையின் கைப்பேசிக்கும் அளவுகள் போய்ச் சேர்ந்தது பெரிய ஆறுதல்.

14 நாளுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய் என்பது ஓய்வூதியத்தில் ஆண்டு முழுவதும் கட்டுப்படியாகாது. மாத்திரை மாறும்போதோ, இரவில் சர்க்கரை இறங்குகிறதோ என்ற ஐயம் எழும்போதோ ஒரு முறை வாங்குவதற்கு இது தகும். முதியவர்களின் தோல் மெல்லியது. வெடுக்கென்று பிய்த்தால் உரிந்துவிடும். ஓரங்களில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழற்றினோம். புதிய அளவு மாத்திரையில் ஒரு மாதம் போன பிறகு, அடுத்ததை இடக்கையில் ஒட்டுவதாக மருத்துவரிடம் பேசி வைத்திருக்கிறோம்.