சாரி கார்டும் சேடில் ஸ்டேயும் இடித்துக்கொண்டால்: ஸ்பேசரா, அரமா, பிராக்கெட்டா, வெல்டிங்கா?

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் மாதிரி வண்டிகளில் சைலன்சர் வலது பக்கம், சாரி கார்டு இடது பக்கம். வெளியில் வாங்கிய சேடில் ஸ்டே (பக்கவாட்டுப் பையைத் தாங்கும் கம்பிச்சட்டம்) பெரும்பாலும் தகராறு செய்வது இந்த இடது பக்கத்தில்தான். ஒன்று, சாரி கார்டு பிடித்திருக்கும் போல்ட்டையே அதுவும் கேட்கும். இல்லையென்றால் கார்டின் கம்பியில் போய் இடிக்கும். "சாரி கார்டைக் கழட்டிடலாம் சார்" என்பது கடைகளில் உடனே வரும் பதில். அதை நான் ஏற்கவே மாட்டேன். பின்னால் உட்காருபவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் காப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு துப்பட்டா சக்கரத்தில் சுற்றினால் போவது உயிர். அதனால் இரண்டையும் வைத்துக்கொண்டே பொருத்தும் வழிகளை மட்டும் பார்ப்போம்.

எதையும் வெட்டுவதற்கு முன், ஸ்டேயின் எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றி லூஸாக விடுங்கள். எல்லாத் துளையும் சேர்ந்த பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு போல்ட்டை முதலிலேயே முறுக்கிவிட்டு மற்றது சேரவில்லை என்று தவிப்பவர்களுக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? இடைவெளி ஐந்தாறு மி.மீ. அளவில்தான் வேண்டும் என்றால் ஸ்பேசர் நல்லது. ஆனால் வாஷர்களை அடுக்குவது வேறு, லேத்தில் கடைந்த ஒரே துண்டு வேறு. அடுக்கிய வாஷர்களுக்கு நடுவே பெயிண்டும் அழுக்கும் மெல்ல அமுங்கி, போல்ட் தளர்ந்துவிடும். சென்னை புதுப்பேட்டையிலோ உங்கள் ஊர் லேத் பட்டறையிலோ அளவு கொடுத்தால் கடைந்து தருவார்கள். ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு கூடுதல் நீளமுள்ள போல்ட்டும் வாங்க வேண்டும். சாதாரண எம்8 (8 மி.மீ.) போல்ட்டில் மரைக்கு மரை 1.25 மி.மீ. பழைய போல்ட்டையே போட்டு 6 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் கிட்டத்தட்ட ஐந்து மரையின் பிடிப்பு போய்விடும். தலையில் 8.8 என்ற பலக்குறி உள்ள போல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பளபளக்கும் ஏ2-70 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் அதைவிடப் பலம் குறைந்தது. ஸ்டே மாட்டுகிற ஷாக் அப்சார்பரின் மேல்முனை போல்ட்டாக இல்லாமல் ஸ்டட்டாக (வண்டியிலேயே பதிந்திருக்கும் தலையில்லாத மரைக்கம்பி) இருந்தால் அதை நீளமாக்க வழியே இல்லை. நட்டு முழுவதும் ஏறி மரை கொஞ்சமாவது வெளியே தெரியாவிட்டால் அங்கே ஸ்பேசர் வைக்காதீர்கள். அந்த நட்டு ஷாக்கையே பிடித்திருக்கிறது.

துளை இரண்டு மூன்று மி.மீ. மட்டும் தள்ளியிருந்தால் அரத்தால் ராவி நீளத்துளை ஆக்குவது மலிவு. ராவுகிற திசைதான் முக்கியம். பையின் பாரம் கீழ்நோக்கி இழுக்கும். துளையையும் மேலும் கீழுமாக நீட்டினால் குலுக்கலில் ஸ்டே இறங்கிவிடும். படுக்கைவாட்டில் நீட்டினால் அந்தப் பயம் குறைவு. அகலமான வாஷர் போட்டு, ராவிய இடத்தில் பிரைமர் தடவினால் துரு பிடிக்காது.

10 மி.மீ.க்கு மேல் போனால் நான் பிராக்கெட் பக்கம். ஸ்பேசர் இரண்டு மடங்கு நீளமானால் அதே பாரம் போல்ட்டை வளைக்கிற விசையும் இரண்டு மடங்கு. 5 மி.மீ. இரும்புப் பட்டையை இசட் வடிவில் வளைத்து, இரண்டு இடத்தில் பிடித்தால் பாரம் பிரியும், பட்டையும் திரும்பாது. சாரி கார்டு, ஸ்டே இரண்டிலும் கை வைக்காததால் நாளைக்கு வண்டியை விற்கும்போது பழையபடி மாட்டிக்கொடுக்கலாம். செலவு ஸ்பேசரைவிடக் கொஞ்சம் கூடும், அது பரவாயில்லை.

வெல்டிங் கடைசி வழி. சேஸிஸில் வேண்டவே வேண்டாம். ஸ்டேயைக் கழற்றித் தனியாக வைத்து அடிக்கலாம். வண்டியில் மாட்டியபடியே அடித்தால் இசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) ஆபத்து. பவுடர் கோட்டிங் எரிந்துபோகும், மறுபடி அடிக்க வேண்டும்.

இன்னும் எதுவும் வாங்காதவர்கள் ஸ்டேயையும் கார்டையும் ஒரே கம்பெனியில், ஒன்றோடொன்று சேரும் என்று உறுதி கேட்டு வாங்கினால் இந்த வேலையே இல்லை.

எந்த வழியானாலும், பையில் சாமான் நிரப்பி, பின்னால் ஒருவரை உட்காரவைத்து வண்டியை அழுத்திப் பாருங்கள். டயர், இண்டிகேட்டர், சைலன்சர் எதிலும் இடிக்கக்கூடாது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள்.