ஒரே ஒரு நீல விளக்கு: கூரையிலா, டேஷ்போர்டிலா, வைசரிலா, கிரில்லிலா?

"அண்ணே, இந்தக் காந்தம் பிடிக்க மாட்டேங்குது. மாத்தித் தர முடியுமா?"

டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வந்த சித்தப்பா மகன் பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது சாக்லேட் அல்ல, உள்ளங்கை அகல நீலச் சுழல் விளக்கு. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். பகலில் கம்ப்யூட்டர் வேலை, பேஜர் அலறினால் தீயணைப்பு வேலை. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்கத் தீயணைப்பாளர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் இப்படித் தன்னார்வலர்கள்தான். அழைப்பு வந்ததும் சொந்த வண்டியில் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள், அங்கிருந்துதான் தீயணைப்பு வண்டியில் ஏறுவார்கள். அந்த ஓட்டத்துக்குத்தான் இந்த விளக்கு.

எனக்கு மார்த்தாண்டத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. விளக்கை என் பழைய மாருதியின் கூரையில் வைத்தேன். டப்பென்று ஒட்டியது, பிடுங்க இரண்டு கை வேண்டியிருந்தது. காந்தத்தில் ஒரு குறையும் இல்லை.

"மக்கா, உன் வண்டி என்ன வண்டி?"

ஃபோர்டு எஃப்-150. போச்சு. 2015 மாடலிலிருந்து அந்த வண்டிக்கு அலுமினிய பாடி. அலுமினியத்தில் எந்தக் காந்தம் பிடிக்கும்? கண்ணாடிக் கூரை போட்ட கார்களுக்கும் இதே கதைதான்.

சரி, வேறு எதை மாட்டுவது என்று பேச்சு வந்தது. அவனிடம் டேஷ்போர்டில் ஒட்டுவது ஒன்று, வைசரில் கட்டுவது ஒன்று என்று இன்னும் இரண்டு இருந்தன. வண்டியின் முகப்புத் தட்டியான கிரில்லில் பொருத்தும் எல்இடி ஜோடி ஒன்று ஆம்புலன்ஸ் வேலைக்காக என்னிடம் கிடந்தது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நான்கையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்து வழிக்குப் போனோம். ரோட்டில் ஏன் சோதிக்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாட்டுவதற்கு முன் அந்த ஊர்ச் சட்டத்தை அவன் வாயாலேயே சொல்லச் சொன்னேன். நியூயார்க்கில் தன்னார்வத் தீயணைப்பாளருக்கு நீலம், தன்னார்வ ஆம்புலன்ஸ்காரருக்குப் பச்சை. தீயணைப்புத் தலைவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். சொந்த வண்டியில் மாட்டலாம், ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தாரின் வண்டியிலும் மாட்டலாம். ஆனால் எரியவிடுவது அவர் மட்டும், அதுவும் அவசர அழைப்புக்குப் போகும்போது மட்டும். சட்டத்தில் எழுதியிருப்பது 'ஒரு நீல விளக்கு' என்றுதான். அதைவிட முக்கியம், அந்த விளக்கு வழி கேட்கலாமே தவிர வழி வாங்க முடியாது. முன்னால் போகிறவர் ஒதுங்கினால் அது அவருடைய மரியாதை. சிவப்பு சிக்னலைத் தாண்டவோ வேக வரம்பை மீறவோ இவனுக்கு உரிமை கிடையாது.

ஆக, கூரை முழுக்க மினுக்குவதில் அர்த்தமில்லை. முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்த்து, 'யாரோ அவசரமாக வருகிறார்' என்று புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு கண்ணோடுதான் நான் நான்கையும் பார்த்தேன்.

காந்த விளக்கை நான் கழித்துவிடவில்லை. உயரத்தில் இருக்கிறது, நாலா பக்கமும் தெரிகிறது, ரோட்டோரம் நிறுத்தி ஹோஸ் இழுக்கும்போது பின்னால் வருகிறவனுக்கும் தெரியும். மற்ற மூன்றுக்கும் இந்தப் பின்பக்கம் கிடையாது. முச்சந்தியில் குறுக்கே வருகிறவன் பார்ப்பதும் இதைத்தான். குறை என்னவென்றால், கதவிடுக்கில் நசுங்கும் ஒயர், காந்தத்துக்கு அடியில் மணல் சிக்கினால் பெயின்டில் விழும் வட்டக் கீறல், ஹைவே வேகத்தில் காற்று. ஆரல்வாய்மொழிக் காற்றைப் பார்த்தவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அவன் மனைவியின் கார் இரும்புக் கூரைதான், சட்டமும் இடம் கொடுக்கிறது. ஆனால் அவள் அந்தக் காரில் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பேஜர் அடித்தால்?

டேஷ்போர்டு விளக்குதான் விலை குறைவு. உறிஞ்சு ரப்பரை அழுத்தி, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் பிளக்கைச் சொருகினால் வேலை முடிந்தது. எல்இடி இழுப்பதும் ஓரிரு ஆம்பியர்தான். பழைய 55 வாட் ஹாலஜன் சுழல் விளக்கு நாலரை ஆம்பியர் இழுக்கும். ஆனால் இருட்டில் எரியவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். முன்கண்ணாடியில் பட்ட நீலம் பாதி திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கிறது. நான் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டேன், ரப்பர் மரம் எது, பாதை எது என்று தெரியவில்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் சிவப்பைவிட நீலம் அதிகமாக உறைக்கும். அதனால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு லாபம், ஓட்டுகிறவனுக்கு நஷ்டம். சுற்றிலும் கறுப்பு ரப்பர் மறைப்பு வைத்துக் கண்ணாடியோடு ஒட்டினால் கொஞ்சம் குறைகிறது. அப்புறம், உறிஞ்சு ரப்பர் வெயிலில் விட்டுவிடும். ஏர்பேக் விரியும் இடத்தில் இதை ஒட்டி வைத்திருந்தால் மோதலில் அதுவே முகத்துக்கு வரும்.

வைசர் விளக்கு என்பது வெயில் தடுப்புப் பலகையோடு பட்டையால் கட்டும் நீளமான பெட்டி. டேஷ்போர்டைவிட ஒரு முழம் உயரம், கண்ணாடிக்கு ஒட்டி நிற்பதால் திரும்பி அடிக்கும் வெளிச்சமும் குறைவு. என் தம்பியின் டாடா ஏஸை முன்னால் நிறுத்தி, அதன் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். டேஷ்போர்டு விளக்கு பானட்டுக்கு மேல் அரைகுறையாகத் தெரிந்தது, இது முழுசாகத் தெரிந்தது. ஒரு சிக்கல் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் வடக்குப் பக்கம் டிசம்பரில் உச்சி வேளையிலேயே சூரியன் 25 பாகைக்குள்தான் ஏறும். நம் நாகர்கோவிலில் அதே நாளில் 58 பாகை. அங்கே நாள் முழுக்க வைசரை இறக்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அதனால் டிரைவர் பக்கம் வேண்டாம், பக்கத்து சீட் வைசரில் கட்டு என்றேன். இதை அவன் யோசித்திருக்கவில்லை.

கிரில் எல்இடிதான் பார்க்க அழகு. அணைந்திருந்தால் இருப்பதே தெரியாது. முன்னால் போகும் காரின் கண்ணாடி உயரத்துக்குச் சரியாக அடிக்கிறது. ஒயரிங் வேலை எனக்குப் பிடித்தமானது என்பதால் மனசு இதன் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் ஒன்றும் இல்லை, முச்சந்தியில் பிரயோஜனப்படாது. இன்னொன்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்இடியின் முகப்பில் சூடு போதாது, பனி அப்பினால் உருகாமல் அப்படியே மூடிக்கொள்ளுமாம். பழைய ஹாலஜன் தன் சூட்டிலேயே உருக்கிவிடும். போதாததற்கு ஜோடியாக மாட்டினால் அது 'ஒரு விளக்கா' இரண்டா என்று தலைவரிடம் போய் நிற்க வேண்டும்.

எதை மாட்டினாலும் பேட்டரியிலிருந்து நேர் ஒயர் இழுப்பதானால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ். இதை நான் பட்டுத்தான் படித்தேன். பல வருஷம் முன்னால் ஒரு தனியார் ஆம்புலன்ஸுக்கு விளக்கு போட்டபோது அவசரத்தில் பியூஸை விளக்குப் பக்கம் வைத்துவிட்டேன். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டு ஓட்டையில் ஒயர் உரசி, தோல் போய், வண்டிக்குள் புகை. நோயாளி இல்லாத நேரமாகப் போனது என் நல்ல காலம். அதன் பிறகு ரப்பர் வாசர் இல்லாமல் நான் எந்த ஓட்டையிலும் ஒயர் நுழைப்பதில்லை.

வாங்கும்போது பெட்டியில் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தர முத்திரையைப் பார்க்கச் சொன்னேன். சுற்றிலும் தெரியும் விளக்குக்கு ஜே845, ஒரு திசை நோக்கி மினுக்குவதற்கு ஜே595. இரண்டிலும் கிளாஸ் 1 தான் பிரகாசமானது. ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவை ராத்திரியில் கண்ணைப் பறிக்கும், நடுப்பகல் வெயிலில் மின்மினி. வண்டியோடு பக்கத்து மாநிலம் போனால் விளக்கைக் கழற்றிப் பெட்டியில் வைப்பது நல்லது. கலிபோர்னியா, புளோரிடா போன்ற இடங்களில் நீலம் போலீசுக்கு உரியது. கனடாவின் ஒன்டாரியோவில் தன்னார்வத் தீயணைப்பாளருக்கே பச்சைதான்.

இப்போது ரோட்டில் சோதிக்காத காரணம். நம் நாட்டில் 2017 மே 1 முதல் அமைச்சர் வண்டியிலேயே சிவப்பு விளக்கு போய்விட்டது. மத்திய மோட்டார் வாகன விதி 108-இன்படி சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த பலவண்ண விளக்கு தீயணைப்பு, போலீஸ் மற்றும் பாதுகாப்புப் படை, பேரிடர்ப் பணி என்று குறிக்கப்பட்ட வண்டிகளுக்கு மட்டும். ஒக்கிப் புயலுக்குப் பிறகு, மீட்பு வேலைக்குத் துணை போகும் பையன் ஒருவன் என்னிடம் பொலேரோவுக்கு நீலம் கேட்டு வந்தான். நல்ல பையன், நல்ல நோக்கம். முடியாது என்றேன். விதிக்குப் புறம்பாக வண்டியில் மாற்றம் செய்தால் உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓடலாமே என்றான். அதுவும் வேண்டாம், திரும்பும்போது நீ எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று எவனுக்கும் தெரியாது. வண்டியில் ஒரு பவுடர் எக்ஸ்டிங்குயிஷர், ஒளிரும் ஜாக்கெட், நல்ல கயிறு, டார்ச் வைத்துக்கொள், 101-க்கு முதலில் போன் பண்ணு, அவர்கள் வரும்போது முக்கில் நின்று வழி காட்டு என்றேன். முகம் தொங்கிப் போனான். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை, வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று அதே சட்டத்தின் 194இ பிரிவு சொல்லியும், சைரன் போட்ட 108 வண்டியே நெளிந்து நெளிந்துதான் போகிறது. இவன் பொலேரோவுக்கு யார் ஒதுங்குவார்கள்?

சித்தப்பா மகன் கடைசியில் வைசர் விளக்கைத் தேர்ந்தெடுத்தான், பக்கத்து சீட் பக்கம். சம்பவ இடத்தில் நிறுத்தியதும் நாலு இண்டிகேட்டர், பின்னால் முக்கோணப் பலகை, பின்பக்கத்துக்கு அது போதும். டேஷ்போர்டு விளக்கைத் திருப்பி எடுத்துப் போனான், விற்றுவிடுவானாம். காந்த விளக்கை மட்டும் என்னிடமே விட்டுவிட்டான். பட்டறையின் இரும்பு ராக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. என் சின்ன மகன் அதைத் தன் சைக்கிளில் கட்டிவிடுவான் என்று பிளக்கைத் தனியே வெட்டி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருக்கிறேன்.