பிரஷர் மெஷின்: பெட்டி நல்லது, பட்டைதான் கழுத்தறுப்பு

விலை இறங்கியிருக்கிறதே, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வீட்டிலேயே பிரஷர் (ரத்த அழுத்தம்) பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், அண்ணே. வாங்கலாம். ஆனால் கடைக்குப் போகும் முன் ரெண்டு பேர் கையையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், சுற்றளவு.

ஏனென்றால் மெஷின் பெட்டியோடு வரும், கையில் சுற்றும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். கை அதைவிடப் பருமனாக இருந்தால் பட்டை இறுக்கிப் பிடித்து, இல்லாத பிரஷரைக் காட்டும். டாக்டர் அதை நம்பி மாத்திரையைக் கூட்டுவார். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழுவார்கள். மெலிந்து தோல் தொங்கும் கைக்கு அதே பட்டை குறைத்துக் காட்டும். இவ்வளவு முக்கியமான அளவை அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் போடுகிறார்களே, அதுதான் ஆத்திரம். 22 முதல் 42 வரைக்கும் பொருந்தும் பட்டையும் உண்டு. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

அடுத்த தொல்லை ஒட்டும் வெல்க்ரோ. தோர்த்துத் துண்டின் நூலும் பஞ்சும் கொக்கியில் சிக்கிச் சிக்கிப் பிடிப்பு போய்விடும். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே சர்ரென்று பிரியும், திரையில் எரர். பழைய டூத் பிரஷால் கொக்கிப் பக்கத்தைத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வியர்வை பட்ட பட்டையைத் தண்ணீரில் முக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். நம்ம கன்னியாகுமரிப் பக்கம் ரெண்டு மழைக்காலம், போதாததற்குக் கடல்காற்று. மெஷினைக் கொஞ்ச நாள் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ரப்பர் குழாயைப் பெட்டியைச் சுற்றி இறுக்கினால் செருகும் இடத்தில் விரிந்து காற்று கசியும்.

பெட்டியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. பொத்தான் ஒன்று, எண் பெரிது, கண் மங்கியவர்களே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உட்காரும் விதம் முக்கியம். கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுப் பார்ப்பது சரியில்லை. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கவேண்டும். கை 10 செ.மீ. தாழ்ந்தாலே ஏழெட்டுப் பாயிண்ட் கூடும். ரவிக்கைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டாலும் அளவு பிசகும். சாயா குடித்து அரைமணி நேரம் போகட்டும், சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முந்தின ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் ரெண்டு தடவை. நோட்டில் எழுதுங்கள், பல மாடல்களில் பேட்டரி மாற்றினால் தேதி அழிந்துவிடும். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். வீட்டுக் கணக்கில் 135/85-ஐத் தொட்டால் கூடுதல். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. வரிசையில் நின்று களைத்து ஒரே தடவை பார்ப்பதைவிட இந்த நோட்டு டாக்டருக்கு அதிகம் சொல்லும். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருபவர்களிடமும் காட்டுங்கள். எண்ணைப் பார்த்து நீங்களே மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால், உட்கார்ந்து ஒன்று, நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொன்று பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். நாடித்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு மெஷின் தடுமாறும். அவர்கள் டாக்டரிடமே பார்ப்பது நல்லது. 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ ஒருபக்கம் தளர்ச்சியோ இருந்தால் மறுபடி அளந்து நேரம் போக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெட்டிக்கு மட்டும் மார்க் என்றால் ஐந்துக்கு நாலரை. மொத்தத்தில் ரெண்டுக்குமேல் கொடுக்கமாட்டேன். பொருந்தாத பட்டையைக் கட்டி விற்பதை மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் வாங்குங்கள் அண்ணே, கை அளவை எழுதி எடுத்துக்கொண்டு போய்.